வெளிக்குளம்பில் புண், உள்குளம்பில் கட்டை ஒட்டச் சொல்கிறார்: செய்து பார்த்தவர்கள் உண்டா?

பத்தமடை மாட்டுக்காரன்:

எல்லா அண்ணாச்சிமாருக்கும் வணக்கம். நம்மிடம் மூன்று கறவை, ரெண்டு ஜெர்சி கலப்பு, ஒன்று எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு. தொந்தரவு இந்த எச்.எஃப். மாட்டுக்குத்தான். ரெண்டாம் ஈத்து, ஆவணியில் கன்று போட்டது, நாளைக்கு 16 லிட்டர் வரை கறந்துகொண்டிருந்தது, இப்போது ரெண்டு வேளையும் சேர்த்து 9 தாண்டவில்லை.

ஐப்பசி நடுவில் ஆரம்பித்தது. தண்ணீர் காட்ட அவிழ்த்துவிட்டால் முதுகை வளைத்துக்கொண்டு மெதுவாக நடந்தது, வாய்க்கால் கரையில் கல் ஏதும் குத்தியிருக்கும், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் இடது பின்னங்காலை நுனி மட்டும் தரையில் படும்படி வைத்து நிற்க ஆரம்பித்தது. படுத்தால் எழுந்திருக்க யோசிக்கிறது, நின்றால் படுக்க யோசிக்கிறது. ஊரில் ஊசி போடுகிறவர் மூன்று நாள் ஆன்டிபயாடிக் போட்டார், கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து வேறு ஒன்றை மறுபடி மூன்று நாள் போட்டார், அதுவும் கேட்கவில்லை. ஊசி போட்ட நாளிலும் அதற்குப் பின்னால் சில நாளும் பாலைச் சொசைட்டியில் ஊற்ற முடியாது இல்லையா, அவ்வளவும் சாக்கடைக்குப் போனது. இத்தனை நாளில் ஒருவரும் காலைத் தூக்கி அடியைப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

போன வாரம் வேறொரு டாக்டர் வந்தார். வேப்பமரத்துக் கிளையில் கயிறு போட்டுக் காலைத் தூக்கிக் கட்டி, கத்தியால் அடியைச் சீவினார். வெளிப்பக்கக் குளம்பில், குதிக்குக் கொஞ்சம் முன்னால், சுண்டைக்காய் அளவுக்குச் சிவப்பாகச் சதை தெரிந்தது. சுற்றிலும் கழன்று கிடந்த குளம்பை எடுத்துவிட்டு, "இதற்கு ஊசி மருந்து இல்லை, உள்பக்கக் குளம்பில் கட்டை ஒட்ட வேண்டும், சாமான் கையில் இல்லை, வாங்கிக்கொண்டு வருகிறேன், யோசித்துச் சொல்லுங்கள்" என்று போய்விட்டார்.

எனக்கு யோசனைதான் ஓடவில்லை. புண் இருக்கிற குளம்பை விட்டுவிட்டு நன்றாக இருக்கிற குளம்பில் கட்டையா? எங்கப்பா, "முள் குத்தின காலை விட்டுவிட்டு அடுத்த காலில் செருப்புப் போடச் சொல்கிறானா உன் டாக்டர்" என்று சிரிக்கிறார். நல்ல குளம்பும் கெட்டுப்போனால் என்ன செய்வது? மழை வேறு விடாமல் பெய்கிறது, ஒட்டினது நிற்குமா? காளைக்கு அடிக்கிற மாதிரி லாடம் அடித்துவிட்டால் ஆகாதா? மேலப்பாளையம் சந்தைக்கு மாடு பிடிக்கிற தரகர் ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார், வீட்டில் அம்மாவுக்கு அதில் பாதி மனசு. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சங்கரன்கோவில் சம்சாரி:

கட்டை, பசை எல்லாம் பணம் பிடுங்குகிற வேலை தம்பி. மயில்துத்தத்தைப் பொடித்துப் புண்ணில் வைத்து, வேப்பெண்ணெய் நனைத்த துணியால் இறுக்கிக் கட்டி, மேலே தார் பூசிவிடுங்கள். பத்து நாளில் நடக்கும். எங்கள் பக்கம் காலங்காலமாக இதுதான்.

அம்பை பால்பண்ணை:

சம்சாரி அண்ணாச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்த வைத்தியத்தை நானும் செய்திருக்கிறேன். மயில்துத்தம் புண்ணை மட்டும் அரிக்காது, புதிதாக வளர்ந்து மூட வருகிற இளம் சதையையும் சேர்த்து அரிக்கும். இறுக்கிக் கட்டின துணிக்குள் சாணித்தண்ணீர் ஊறி, பிரித்தபோது வந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. துத்தம் கெட்ட சாமான் என்று சொல்லவில்லை, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ கணக்கில் தொட்டியில் கரைத்து மாடுகளை மிதித்துப் போகச் செய்வது வேறு கதை, அது தோலில் வருகிற தொற்றுக்கு. அடி திறந்து சதை தெரிகிற புண்ணில் பொடியாக வைப்பது வேண்டாம்.

பத்தமடைத் தம்பிக்கு: உங்கப்பா சிரித்த சிரிப்பை நானும் சிரித்தவன்தான். மாட்டுக்கு ஒரு காலில் ரெண்டு குளம்பு இருக்கிறது, அது ரெண்டு செருப்பு மாதிரி, எடையை ரெண்டும் பங்கு போட்டுக்கொள்கிறது. நல்ல குளம்பில் ஒரு அங்குலக் கட்டையை ஒட்டிவிட்டால் அது மட்டும் தரையில் ஊன்றும், புண் குளம்பு அந்தரத்தில் நிற்கும். தரையே படாத புண் தானாக மூடிக்கொள்ளும். முள் குத்தின காலுக்கு நாம் என்ன செய்கிறோம், நொண்டியடித்து அடுத்த காலில் நடக்கிறோமா இல்லையா? மாட்டுக்கு அந்த வசதியை ஒரே காலுக்குள் செய்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

என் மாட்டுக்கு ஒட்டிய அன்று சாயங்காலமே நடையில் வித்தியாசம் தெரிந்தது. எல்லா மாட்டுக்கும் அப்படி இருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஒட்டிய மறுநாளும் அதே நொண்டல் இருந்தால் ஏதோ தவறு என்று எடுத்துக்கொண்டு மறுபடி காலைத் தூக்கிப் பாருங்கள், நாள் போகட்டும் என்று விடாதீர்கள்.

லாடக்காரர் பேரன்:

லாடம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அது நம்ம வீட்டு விஷயம் என்பதால் சொல்கிறேன். தாத்தா வண்டிக்காளைக்கு லாடம் கட்டினவர். ஒரு காளைக்கு எட்டு லாடம், குளம்புக்கு ஒன்று. கயிறு சுற்றிக் காளையைச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, லாடத்தைப் பொருத்தி, ஆணியை உள்ளே போகவிடாமல் வெளிச்சுவர் வழியாகவே வெளியே வரும்படி அடிப்பார். ஆணி ஒரு நூல் உள்ளே போனால் காளை மறுநாளே காலைத் தூக்கிவிடும்.

லாடம் எதற்கு? கல் ரோட்டிலும் தார் ரோட்டிலும் பாரம் இழுக்கிற காளையின் குளம்பு தேயாமல் இருக்க. அதற்கு உயரம் கிடையாது, மெல்லிய இரும்புத் தகடு. ரெண்டு குளம்பிலும் அடித்தால் புண்மேல் பாரம் அப்படியேதான் விழும். ஒன்றில் மட்டும் அடித்தாலும் அந்தத் தகட்டுக் கனம் புண்ணைத் தூக்கி நிறுத்தப் போதாது. அதோடு உங்கள் மாடு கறவை, காளை குளம்பு மாதிரி இறுகிப் போயிருக்காது, அடியும் தேய்ந்திருக்கும், ஆணி இறக்க இடமே இருக்காது. தாத்தா உயிரோடு இருந்தாலும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

இன்னொன்று, மடி நிறைய பாலோடு இருக்கிற மாட்டைச் சாய்த்துப் போட்டு வேலை செய்ய யாரையும் விடாதீர்கள். ரொம்ப நேரம் ஒருக்களித்துக் கிடந்தால் வயிறு உப்பிவிடும், சினை மாடென்றால் இன்னும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் இருக்கிற கம்பிக் கூண்டில் நிறுத்தி, வயிற்றுக்கு அடியில் பட்டை கொடுத்து, காலைக் கட்டித் தூக்குவதுதான் மாட்டுக்கும் ஆளுக்கும் நல்லது.

களக்காடு நொந்தவன்:

கட்டை ஒட்டலாம். கழற்ற யார் வருவார் என்பதை முதலில் கேட்டுக்கொண்டு ஒட்டுங்கள்.

எங்கள் மாட்டுக்கு ஒட்டிவிட்டுப் போனவர் "தானாக விழுந்துவிடும்" என்றார். ஒரு மாசம் கழித்து போன் பண்ணினால் வேலையாக இருக்கிறேன் என்றார், அப்புறம் போனே எடுக்கவில்லை. நடவு வேலையில் நாங்களும் மறந்துவிட்டோம். மூன்று மாசம் கட்டை அப்படியே இருந்தது. பழைய புண் ஆறிவிட்டது, ஆனால் மூன்று மாசமாக மொத்த பாரத்தையும் தாங்கின நல்ல குளம்பில் குதிப்பக்கம் ரத்தம் கட்டி அதுவும் புண்ணாகி, கடைசியில் ரெண்டு குளம்பும் போச்சு. அந்த மாட்டை வந்த விலைக்குத் தள்ளினோம். அது கட்டையின் குற்றமில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் வயிறு எரிகிறது.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:

நொந்தவன் சொன்னதை எல்லோரும் ஒருமுறை திரும்பப் படியுங்கள். கட்டை என்பது மருந்துச்சீட்டு மாதிரி, முடிவு தேதி இல்லாமல் எழுதக் கூடாது. நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம், அதற்கு மேல் வேண்டாம். ஒட்டுகிற அன்றே காலண்டரில் கழற்றுகிற நாளை வட்டம் போட்டுவிட வேண்டும்.

பத்தமடைக்காரரே, உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நொண்டுகிற மாட்டில் பத்துக்கு எட்டு ஒன்பது மாட்டுக்குக் கோளாறு குளம்பில்தான் இருக்கும், தொடையிலோ முட்டியிலோ அல்ல. அதிலும் பெரும்பாலும் பின்னங்காலில், வெளிப்பக்கக் குளம்பில். காரணம், பின்னங்காலில் வெளிக்குளம்புதான் அதிக பாரம் வாங்குகிறது, அதனால் அதிகமாக வளர்கிறது, வளர்ந்து உயர்ந்துவிட்டதால் இன்னும் அதிக பாரம் வாங்குகிறது. முன்னங்காலில் இது தலைகீழ், அங்கே உள்குளம்பு. குளம்புக்குள்ளே ஒரு எலும்பு இருக்கிறது. அதன் பின்முனை தடித்து உருண்டிருக்கும், அதற்குக் கீழே மெத்தை மாதிரி கொழுப்பு, அதற்கும் கீழே உயிர்ச்சதை, அப்புறம்தான் நாம் கண்ணால் பார்க்கிற குளம்பு அடி. கன்று போடுகிற சமயத்தில் இடுப்பு நெகிழ்வதற்காகச் சுரக்கிற சுரப்பு குளம்புக்குள் எலும்பைத் தாங்குகிற கட்டுகளையும் தளர்த்திவிடும். எலும்பு கொஞ்சம் இறங்கும். கன்று போட்டபின் மாடு மெலியும்போது அந்தக் கொழுப்பு மெத்தையும் மெலியும். நடுவில் மாட்டிக்கொண்ட உயிர்ச்சதை நசுங்கும். அந்த இடத்தில் குளம்பு வளர்வது நின்று, ரெண்டு மூன்று மாசத்தில் ஓட்டையாக வெளியே தெரியும். உங்கள் மாட்டுக்கு ஆவணியில் கன்று, ஐப்பசியில் நொண்டல். கணக்குச் சரியாக வருகிறதா?

ஆகவே இது கிருமியால் வந்த வியாதி இல்லை. ஆன்டிபயாடிக் கேட்காததில் ஆச்சரியம் இல்லை. அது கேட்கிற வியாதி வேறு: குளம்புக்கு மேலே கால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கி, ரெண்டு குளம்புக்கும் நடுவில் வெடித்து அழுகி நாற்றமடிக்கும், காய்ச்சல் இருக்கும். அதற்கு ஊசிதான், கட்டை ஒட்டக் கூடாது. குதிக்குப் பின்னால் தோலில் மட்டும் சிவப்பாக, தொட்டாலே காலை உதறுகிற மாதிரி புண் இருந்தால் அது தோல் வியாதி, கழுவி மருந்து தெளிப்பதும் துத்தத் தொட்டியும் அதற்கு. வாயில் நுரை, நாக்கில் கொப்புளம், மாடு நாலு காலையும் மாற்றி மாற்றி வைக்கிறது என்றால் கோமாரி, உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். இதெல்லாம் காலைத் தூக்கிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பார்க்காமல் ஊசி போடுவது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம், என் காலத்தில் நானும் அவசரத்தில் செய்திருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.

கட்டைக்கு முன்னால் குளம்பு சீவுவதுதான் பாதி வைத்தியம். டச்சு முறை என்று ஒன்று, ஹாலந்து நாட்டு டாக்டர் டூசான் ராவென் வகுத்தது, உலகம் முழுக்க அதைத்தான் பின்பற்றுகிறார்கள். குளம்பின் முன்சுவர் முடி முடிகிற இடத்திலிருந்து நுனி வரை எச்.எஃப். மாட்டுக்கு 7.5 செ.மீ., சின்ன மாட்டுக்குக் கொஞ்சம் குறையலாம். அதற்கு மேல் நீண்டதை வெட்டு, முதலில் நல்ல குளம்பை அளவாகச் சரிசெய், அப்புறம் அதற்கு ஏற்றபடி மற்றதை. குளம்பு அடியின் கனம் 5 மி.மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. புண் குளம்பின் குதியை மட்டும் கூடுதலாகத் தாழ்த்தலாம். புண்ணைச் சுற்றிக் கழன்றதைச் சரிவாக எடுக்க வேண்டும், ரத்தம் வருகிற வரை தோண்டுவது வீரம் இல்லை. குளம்பு மாசத்துக்குச் சுமார் 5 மி.மீ.தான் வளரும், நீங்கள் அவசரத்தில் எடுத்ததை மாடு ஒரு மாசம் உட்கார்ந்து கட்ட வேண்டும்.

அப்புறம் கட்டை. நல்ல குளம்பு உண்மையிலேயே நல்ல குளம்பா என்று குறடால் இடம் இடமாக அழுத்திப் பார்க்க வேண்டும், வலித்து உதறினால் அதில் ஒட்டாதீர்கள். ரெண்டும் புண் என்றால் கட்டைக்கு வேலையே இல்லை, சீவிவிட்டு மண் தரையில் ஓய்வுதான். ஒருபக்கக் குளம்புக்கு மேலே மட்டும் கெட்டியாக வீங்கிச் சூடாக இருந்தால் சீழ் மூட்டுக்குள் போயிருக்கலாம், அது அறுவை சிகிச்சைக் கேஸ், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவது நல்லது. வண்டியேற்ற வழியில்லை என்றால் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

வலிக்கு மருந்து கொடுக்கக் கேளுங்கள், இதை நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. 2015-ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்து ஆட்கள் செய்த ஆய்வில், புதிதாக நொண்ட ஆரம்பித்த மாடுகளில் சீவுதல், கட்டை, மூன்று நாள் வலி மருந்து மூன்றையும் சேர்த்துச் செய்த கூட்டம்தான் அதிகமாகக் குணமானது, வெறுமனே சீவிவிட்டதைவிட நல்ல வித்தியாசம். அங்கே போட்டது கீட்டோபுரோஃபென். இங்கே அது வேண்டாம், 2023-ல் மத்திய அரசு கால்நடைக்கு அதைத் தடை செய்துவிட்டது. 2006-ல் டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்த அதே காரணம்தான், மருந்து போட்ட மாடு செத்து அதைத் தின்கிற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. மெலாக்சிகாம் இருக்கிறது, கழுகுக்கும் பாதகம் இல்லை. அளவையும் பால் எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்பதையும் உங்கள் டாக்டர் சொல்வார்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஆவணியில் தீவனத்தில் என்ன மாற்றினீர்கள்? தொழுவத்துத் தரை என்ன?

பத்தமடை மாட்டுக்காரன்:

டாக்டர் சார், பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி கேட்கிறீர்கள். ஆடி கடைசியில்தான் தொழுவத்துக்கு சிமெண்ட் தரை போட்டோம், அதற்கு முன்னால் மண் தரை. அப்புறம் ஆவணி முகூர்த்தத்தில் எங்கள் பக்கத்து மண்டபத்தில் மிஞ்சின சோறு ரெண்டு மூன்று தடவை அண்டா கணக்கில் வந்தது, கன்று போட்ட மாடு, பால் கூடட்டும் என்று இந்த மாட்டுக்குத்தான் அதிகம் வைத்தோம். ஒருநாள் சாணி தண்ணியாகப் போட்டது, மறுநாள் சரியாகிவிட்டது. அதுவா காரணம்?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:

அது மட்டும்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்கும் பங்கு இருக்கிறது. சோறு வயிற்றில் போய்ச் சட்டென்று புளிக்கும், இரைப்பையில் அமிலம் ஏறும், அதன் பாதிப்பு குளம்புக்குள் இருக்கிற ரத்த ஓட்டம் வரை போகும். அன்றைக்கு நசுங்கின இடம் இன்றைக்குத்தான் அடியில் தெரிகிறது. கல்யாணச் சோற்றில் மாடு அன்றே வயிறு நின்று செத்ததையும் பார்த்திருக்கிறேன், உங்கள் மாடு தப்பித்தது. இனிமேல் வைக்கோலும் பச்சைப்புல்லும் முன்னால், அடர் தீவனம் பின்னால், அதுவும் பிரித்துப் பிரித்து. சோறு வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

சிமெண்ட் தரையைப் பெயர்க்க வேண்டாம். ஆனால் மாடு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுக்க வேண்டிய ஜீவன். புதுத் தரையில் படுக்கப் பிடிக்காமல் நின்றே பொழுதைப் போக்கியிருக்கும். ரப்பர் பாய் போடுங்கள், முடியாவிட்டால் பகலில் மரத்தடியில் மண்ணில் கட்டுங்கள், கயிறைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள்.

முக்கூடல் அக்கா:

தம்பி, மழையில் நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நிற்கும், ஆனால் குளம்பு காய்ந்திருக்க வேண்டும், பாதி ஆட்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். போன வருஷம் கார்த்திகையில் எங்கள் ஜெர்சிக்கு ஒட்டினோம். முதல் நாள் ராத்திரியே மாட்டைச் சாக்கு விரித்த காய்ந்த இடத்தில் கட்டிவிட்டேன். காலையில் டாக்டர் வந்து அடியைச் சீவி, ராவுகிற அரத்தால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். அதற்கப்புறம் என் மகள் தலைமுடி காயவைக்கிற மெஷினைக் கொண்டுவந்து மாட்டுக் காலுக்குக் காட்டினாள், தெருவே கூடிநின்று வேடிக்கை பார்த்தது. பத்து நிமிஷம் காட்டினபின்தான் பசையைக் கலக்கினார்.

கடைக் கட்டை எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆசாரியிடம் சொல்லி நன்றாகக் காய்ந்த பூவரச மரத்தில் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த கனத்தில் அறுத்து, டாக்டர் வரைந்து கொடுத்த அளவுக்கு இழைத்தோம், பசை பிடிக்க மேல்பக்கம் நாலு கீறல், வழுக்காமல் இருக்க அடியிலும் கீறல். பசைக்கு டாக்டர் பல் வைத்தியத்துக்கான அக்ரிலிக் பொடியும் திரவமும் வாங்கிவந்தார், குளம்புக்கு என்று விற்கிற பசையிலும் இதே சரக்குத்தானாம். கலக்கினால் சூடாகும், அதனால் ஒரேயடியாகக் கனமாக அப்பக் கூடாது என்றார். நம் ஊர் வெயிலில் கலக்கி முடிப்பதற்குள் இறுகிவிடும் என்று திரவத்தை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார். செலவு, மாட்டின் மூன்று நாள் பால் காசுக்குள் முடிந்தது.

கட்டையை எங்கே வைக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நுனியில் முன்னால் தள்ளி வைத்துவிட்டால் குதி பின்பக்கம் தொங்கும், அது நல்ல குளம்பைக் கெடுக்கும். கட்டை குதி வரைக்கும் தாங்க வேண்டும், காலுக்கு நேராகச் சமமாக உட்கார வேண்டும், பக்கவாட்டில் சாயக் கூடாது. பசை பிதுங்கி ரெண்டு குளம்புக்கு நடுவில் போனால் அப்போதே விரலால் வழித்துவிட வேண்டும், இறுகினால் கல் மாதிரி உறுத்தும். புண்மேல் பசை படவே கூடாது, புண் காற்றாட இருக்கட்டும். கட்டுப் போடவும் வேண்டாம் என்றார், எனக்கு அதுதான் நம்ப முடியவில்லை, ஆனால் நன்றாகத்தான் ஆறியது.

அம்பை பால்பண்ணை:

அக்கா சொன்ன குதி விஷயம் நூற்றுக்கு நூறு. இன்னொன்றைச் சேர்த்துக்கொள்கிறேன், பசை இறுகும் வரை காலை இறக்கிவிடாதீர்கள். மாடு உதைக்கிறது என்று அவசரப்பட்டு இறக்கினால் கட்டை கோணிக்கொள்ளும். நகத்தால் பசையைக் கீறினால் தடம் விழக் கூடாது, அப்புறம் இறக்கலாம்.

சங்கரன்கோவில் சம்சாரி:

சரி, துத்தம் வேண்டாம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் ஈ மொய்க்காமல் இருக்கவாவது ஓரத்தில் தடவலாமா, இல்லை அதற்கும் தடையா?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:

தாராளமாகத் தடவுங்கள் அண்ணாச்சி. குளம்பு ஓரத்திலும் மேல் தோலிலும் தடவினால் ஈ அண்டாது. கட்டை ஒட்டுவதற்கு முன்னால் மட்டும் எண்ணெய் வேண்டாம், பசை பிடிக்காது.

பத்தமடை மாட்டுக்காரன்:

எல்லோருக்கும் ஒரு தகவல், கேள்வி போட்டு ஏழு வாரம் ஆகிவிட்டது.

டாக்டர் சாமானோடு வந்தார். முதல் தடவை ஒட்டினது மூன்றாம் நாளே விழுந்துவிட்டது, தொழுவத்தில் சாணிக்குள் கிடந்தது. தப்பு நம்முடையதுதான், அன்று காலை நல்ல மழை, காய வைத்தோம் என்று பேருக்குத் துணியால் துடைத்ததோடு சரி. ரெண்டாம் தடவை அக்கா சொன்ன மாதிரி முதல் நாளே காய்ந்த இடத்தில் கட்டி, பக்கத்து வீட்டில் அந்த மெஷினை இரவல் வாங்கிக் காட்டினோம். எங்கள் தெருவும் கூடிநின்றுதான் பார்த்தது. கட்டை ஒட்டிக் காலை இறக்கினதும் மாடு ஒரு நிமிஷம் அப்படியே நின்றது, காலில் ஏதோ இருக்கிறது என்று ரெண்டு தடவை உதறியது, அப்புறம் போய் வைக்கோலில் வாயை வைத்தது. புண் குளம்புக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. வலிக்கு மெலாக்சிகாம் மூன்று நாள். நாலாவது நாள் முதுகு வளைவு போய்விட்டது, நொண்டல் முழுசாகப் போக மூன்று வாரம் ஆனது.

ஐந்தாவது வாரம் முடிந்ததும் கழற்றினோம், நொந்தவன் அண்ணாச்சி எழுதினதைப் படித்தபின் தேதியை மறப்பேனா. புண் இருந்த இடத்தில் மஞ்சளாகப் புதுக்குளம்பு மூடியிருக்கிறது, இன்னும் மெலிசுதான், கல் பாதையில் ஓட்டாதே என்றார். நல்ல குளம்பில் ஒன்றும் இல்லை. பால் 12-ல் நிற்கிறது, இந்த ஈத்தில் 16 வராது என்று தெரிந்துவிட்டது, போகட்டும். தரகர் மறுபடி வந்தார், அம்மாவே அனுப்பிவிட்டாள். அப்பா இப்போது டீக்கடையில் ஒரு காலுக்குள் ரெண்டு செருப்பு என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார், அம்பை அண்ணாச்சி சொன்னது என்று மட்டும் சொல்வதில்லை.

மற்ற ரெண்டு மாட்டுக்கும் குளம்பு நீண்டுதான் இருக்கிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் சீவிவிட வருகிறார். சேரன்மகாதேவி, கோபாலசமுத்திரம் பக்கம் யாருக்காவது சீவ வேண்டியிருந்தால் இங்கேயே சொல்லுங்கள், ஒரே நாளில் முடித்தால் வண்டிச் செலவைப் பிரித்துக்கொள்ளலாம். முடி காயவைக்கிற மெஷின் தேவைப்படாது, வெயில் அடிக்கிறது.